எச்.ஓ. டீசல் இன்ஜின் மாடல்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும்

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. மாடி அறையில் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை மேல் சின்னதாக ஒரு ரயில் பாதை போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஓடுபவை எல்லாமே டீசல் இன்ஜின்கள்தான். வந்து பார்த்தவர்களும் அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். முதல் இன்ஜினுக்குப் பணம் கொடுக்கும் முன் இவற்றைப் படித்துவிட்டால் வீண் செலவு நிறைய மிச்சமாகும்.

இது பொம்மை ரயில்தானே, இதற்கு ஏன் இத்தனை விலை?

பொம்மை ரயில், பார்க்க ரயில் மாதிரி இருந்தால் போதும். மாடல் அப்படி இல்லை. குறிப்பிட்ட ஓர் இன்ஜினின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது. எச்.ஓ. என்றால் 87-ல் ஒரு பங்கு. நம் ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.2 டீசல் இன்ஜின் ஒரு பக்க பஃபரிலிருந்து (முனையில் மோதலைத் தாங்கும் பகுதி) மறு பக்க பஃபர் வரை 17.12 மீட்டர். எச்.ஓ.வில் அது 197 மில்லிமீட்டர் வர வேண்டும். படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, ரேடியேட்டர் ஜாலி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

விலையில் பாதி உள்ளே இருக்கிறது. நடுவில் மோட்டார், அதன் இரு முனையிலும் பித்தளைச் சக்கரம் போல ஃப்ளைவீல், அங்கிருந்து இரண்டு போகிகளுக்கும் (பயணப் பெட்டி இல்லை, இன்ஜினுக்கு அடியில் அச்சுகளைத் தாங்கும் சக்கரத் தொகுதி) போகும் தண்டு, ஒவ்வோர் அச்சிலும் பல்சக்கரம், எடைக்காக வார்ப்பு உலோகத்தில் அடிச்சட்டம், மேலே ஒரு சர்க்யூட் போர்டு. ஒலியோடு வரும் நல்ல மாடல் அமெரிக்காவிலேயே பெரும்பாலும் 250 டாலருக்கு மேல். சட்டென்று வாங்கும் பொருள் இல்லை, அதனால்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

எச்.ஓ., ஓ.ஓ., 'என்' (N): எந்த அளவை எடுப்பது?

எச்.ஓ. 1:87, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. பிரிட்டிஷ் மாடல்கள் ஓ.ஓ. அளவில் வரும், அது 1:76, ஆனால் ஓடுவது அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். 'என்' (N) அளவு 1:160, அகலம் 9 மி.மீ. வீட்டில் ஒரு மேசை இடம்தான் என்றால் 'என்' அளவை எடுங்கள். இன்ஜினைக் கிட்டத்தில் பார்த்து ரசிக்க வேண்டும், திறந்து கைவேலை செய்ய வேண்டும் என்றால் எச்.ஓ.தான் சரி. கண்ணாடி போட்ட பிறகு நான் 'என்' அளவைத் தொடுவதில்லை.

நம் ஊர் டீசல் இன்ஜின் மாடலாகக் கிடைக்குமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். வெளிநாட்டு நிறுவனங்களின் வழக்கமான பட்டியலில் நம் இன்ஜின்களைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் நம் இன்ஜின்களின் உறவுக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

டபிள்யூ.டி.எம்.2 பிறந்தது அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியில். அங்கே அதன் பெயர் டி.எல்.560.சி. 1962-ல் முதல் தொகுதி கப்பலில் வந்தது. 1964 ஜனவரியிலிருந்து வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸில் இங்கேயே செய்தார்கள். ஆல்கோ 1969-ல் இன்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நாம் 1998 வரை டபிள்யூ.டி.எம்.2 செய்துகொண்டிருந்தோம், மொத்தம் 2,700-க்கும் மேல். அதனால்தான் ரயில் பார்க்கிற பையன்களுக்கு இன்றைக்கும் அது வெறும் 'ஆல்கோ'.

அதே 251 வகை டீசல் இயந்திரம் 12 சிலிண்டரில் பொருத்தப்பட்ட அமெரிக்க இன்ஜின் ஆர்.எஸ்.டி.12. அட்லஸ் நிறுவனம் அதை எச்.ஓ.வில் வெளியிட்டிருக்கிறது. நம்முடையது 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், அது 1,800. ஆனாலும் நீண்ட ஹூட் (இயந்திரத்தை மூடியிருக்கும் உடல்), மூன்று அச்சு போகி, அந்த உட்கார்ந்த தோற்றம், பார்த்ததும் குடும்ப ஜாடை தெரியும். போகியைக் கவனியுங்கள்: மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருக்காது, நடு அச்சு ஒரு பக்கம் தள்ளியிருக்கும். ஆல்கோ ட்ரைமவுன்ட் போகியின் அடையாளமே அதுதான். நம் டபிள்யூ.டி.எம்.2-விலும் அப்படியே.

நம் ரயில்வேயின் டபிள்யூ.டி.ஜி.4, டபிள்யூ.டி.பி.4 இன்ஜின்கள் பிடித்தவர்களுக்கு வேறு குடும்பம். அவை அமெரிக்காவின் இ.எம்.டி. கம்பெனியின் ஜி.டி.46 வரிசை, 4,000 குதிரைத்திறன். அதே 16 சிலிண்டர் 710 இயந்திரம் உள்ள எஸ்.டி.70.எம்.ஏ.சி. என்ற அமெரிக்க இன்ஜினை 'கேட்டோ' (Kato), 'அதர்ன்' (Athearn) என்ற இரண்டு நிறுவனங்களும் எச்.ஓ.வில் செய்திருக்கின்றன. முகம் வேறு, நீளமும் நம்முடையதைவிட அதிகம். ஓட்டிப் பார்க்கிற சந்தோஷத்தில் குறைவில்லை.

நம் இன்ஜினேதான் வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. நன்றாக ஓடும் ஒரு வெளிநாட்டு மாடலின் அடிப்பகுதியை வைத்துக்கொண்டு, மேல் உடலை மட்டும் 3டி பிரிண்ட் எடுத்துப் பொருத்துவது. இதில் முதல் வேலை அளவெடுப்பது. பஃபரை விட்டுவிட்டு ஹெட்ஸ்டாக்கிலிருந்து (பஃபர் பொருத்தியிருக்கும் முனைச் சட்டம்) ஹெட்ஸ்டாக் வரை டபிள்யூ.டி.எம்.2 15,862 மி.மீ.; எச்.ஓ.வில் 182. இந்த நீளத்துக்குள் அடங்கும் அடிச்சட்டம் கையில் வந்த பிறகுதான் உடலுக்குப் பணம் செலவழிக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். அழகான உடல் ஒன்று ஒன்றரை வருடம் அலமாரியில் காத்திருந்தது.

பிரிண்ட் எடுப்பவர் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுத்துத் தருகிறேன் என்றால் யோசியுங்கள். அது 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கூரை வளைந்திருக்கலாம்.

நம் அகல ரயில் பாதை 16.5 மி.மீ. தண்டவாளத்தில் சரியாக வருமா?

வராது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 16.5 என்பது 1,435 மி.மீ. கொண்ட ஸ்டாண்டர்டு கேஜை 87-ஆல் வகுத்தது. நம் பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.2-க்குக் கொஞ்சம் மேலே. ஆக, எச்.ஓ. அளவு இந்திய இன்ஜின் 16.5 தண்டவாளத்தில் நின்றால் கால்கள் இரண்டையும் ஒட்டி வைத்து நிற்பது போல இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நேர் எதிரே பார்த்தால் தெரியும்.

19.2-க்குத் தண்டவாளம், சக்கரம், பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) எல்லாம் கையால் செய்பவர்களை நான் வணங்குகிறேன். முதல் லேஅவுட்டுக்கு அது வேண்டாம். 16.5-ஐ ஏற்றுக்கொள்ளுங்கள், கடையில் கிடைக்கும் எல்லாத் தண்டவாளமும் எல்லாச் சக்கரமும் உங்களுக்குப் பயன்படும்.

எழும்பூரில் பார்த்த மீட்டர் கேஜ் இன்ஜின் செய்ய முடியுமா?

ஒய்.டி.எம்.4-ஐக் கேட்கிறீர்கள். எழும்பூரிலிருந்து தெற்கே போன வண்டிகளை இழுத்த இன்ஜின், அதுவும் ஆல்கோ வடிவமைப்புதான். எச்.ஓ.வில் மீட்டர் கேஜுக்கு என்றே 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது, பெயர் எச்.ஓ.எம். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களுக்காக வந்தது. அகலக் கணக்கு இங்கே நியாயமாகவே ஒத்துப்போகும், ஏனென்றால் 1,000 மி.மீ. பாதைக்கு 11.5 தான் வரும். உடலை நாமே செய்ய வேண்டும், மோட்டார் பகுதியும் சிறியதாகத் தேட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு இதைப் பரிசாகச் செய்து கொடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வயிற்றை. எல்லாரும் முகத்தையும் பெயிண்டையும் பார்த்து வாங்குகிறார்கள். நான் முதலில் பஞ்சுத் துணி மேல் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்ப்பேன்.

ஆறு அச்சுகளும் மோட்டாரால் சுற்றுகின்றனவா, எல்லாச் சக்கரங்களும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு போகி மட்டும் இழுத்து, மற்றது சும்மா உருளும் மாடல்கள் உண்டு. அவை பாயிண்டுக்கு மேல் நின்றுவிடும். சக்கரங்களில் ரப்பர் வளையம் போட்டிருந்தால் இழுவை கூடும், ஆனால் அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது.

அடுத்து ஓட்டம். கன்ட்ரோலரை மிக மெதுவாகத் திருப்புங்கள். சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை நொடி எடுக்கிறது என்று எண்ணுங்கள். துடிக்காமல், நிற்காமல், நத்தை போல ஊர்ந்து போனால் அந்த இன்ஜின் நல்ல இன்ஜின். திடீரென்று பாய்ந்து கிளம்பினால் எத்தனை அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். உடைந்த கைப்பிடியை ஒரு மாலையில் ஒட்டிவிடலாம். பாய்கிற மோட்டாரோடு வருடக்கணக்கில் சண்டை போட வேண்டியிருக்கும்.

புதிதாக வந்த இன்ஜினை உடனே பத்துப் பெட்டியோடு ஓட்டாதீர்கள். பெட்டி எதுவும் மாட்டாமல், பாதி வேகத்தில், முன்னால் அரை மணி நேரம், பின்னால் அரை மணி நேரம். பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று படிந்துவிடும், கிரீஸும் பரவிவிடும்.

நுணுக்கம் என்று விளம்பரத்தில் சொல்வதை எப்படி மதிப்பிடுவது?

கைப்பிடிக் கம்பி உடலோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கிறதா, தனிக் கம்பியாகக் குத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் விசிறியின் ஜாலி வழியாக உள்ளே இருக்கும் விசிறி தெரிய வேண்டும். நம்பர் எழுத்து பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் சிதறாமல் இருக்க வேண்டும். கேபினில் இருக்கை இருந்தால் சந்தோஷம். என்னைக் கேட்டால் இந்த அளவு போதும். அதற்கு மேல் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துணுக்கும் கையில் எடுக்கும்போது உடைகிற துணுக்கு. தினமும் ஓட்டப்போகிற இன்ஜினுக்கும் கண்ணாடி அலமாரியில் வைக்கப்போகிற இன்ஜினுக்கும் ஒரே அளவு நுணுக்கம் தேவையில்லை.

அசலைப் போய்ப் பாருங்கள், அதுதான் பெரிய பாடம். ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்தில் உள்ள சென்னை ரயில் அருங்காட்சியகத்தில் பழைய இன்ஜின்களும் பெட்டிகளும் வெயிலில் நிற்கின்றன. பெயிண்ட் எங்கே வெளுக்கிறது, எண்ணெய் எங்கே வழிந்து கறையாகிறது, படிக்கட்டில் எந்த இடம் தேய்ந்து பளபளக்கிறது என்பதெல்லாம் அங்கே நின்று பார்த்தால்தான் கைக்கு வரும்.

டி.சி.யா, டி.சி.சி.யா?

டி.சி. என்பது பழைய முறை: தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை கூட்டிக் குறைத்தால் இன்ஜின் வேகம் மாறும். தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். கூடவே கட்டளையும் போகும். ஒவ்வோர் இன்ஜினுக்குள்ளும் ஒரு டீகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். புது டீகோடரின் எண் வழக்கமாக 3.

'டி.சி.சி. ரெடி' என்று பெட்டியில் எழுதியிருந்தால் டீகோடர் உள்ளே இருக்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இல்லை. டீகோடர் செருகுவதற்கு 8 முள்ளோ 21 முள்ளோ கொண்ட சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது. டீகோடர் தனிச் செலவு.

ஒரே ஓர் இன்ஜின், ஒரு வட்டம் என்றால் டி.சி. போதும். ஒலி வேண்டும் என்றால் தயங்காமல் டி.சி.சி.க்குப் போங்கள்.

ஒலி அவ்வளவு முக்கியமா?

ஆல்கோ பிடித்தவர்களுக்கு, ஆமாம். 251 நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று. அந்தக் கனத்த 'தக தக தக' சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இ.எம்.டி.யின் இரண்டு ஸ்ட்ரோக் சத்தம் வேறு மொழி. வாங்கும்போது டீகோடரில் எந்த இயந்திரத்தின் ஒலிக்கோப்பு ஏற்றப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஆல்கோ 251-க்கென்றே பதிவு செய்த கோப்புகள் இருக்கின்றன.

அசல் இன்ஜினில் டிரைவர் நாட்ச் (வேகப் படி) கூட்டும்போது டீசல் முதலில் பாயும், காற்றை அழுத்தித் தரும் டர்போ சற்றுப் பின்தங்கித்தான் வேகம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் கரும்புகை குபுகுபுவென்று கிளம்பும். நல்ல ஒலி டீகோடரில் இந்தத் தாமதம் காதில் கேட்கும்: சத்தம் முதலில் ஏறும், சக்கரம் அப்புறம்தான் நகரும். டி.சி.சி. கன்ட்ரோலரின் எஃப்1 பொத்தானில் அமெரிக்க மணியோசை வரும். நம் இன்ஜின்களில் மணி கிடையாது, அதைத் தொட வேண்டாம். எஃப்2 ஹாரன் போதும்.

கூட வரும் ஸ்பீக்கர் சுமாராக இருந்தால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போங்கள். மொபைல் போனுக்கான சின்ன ஸ்பீக்கர்கள் நன்றாகப் பொருந்தும். டீகோடர் எத்தனை ஓம் ஸ்பீக்கர் கேட்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு போக வேண்டும். எல்.இ.டி., ரெசிஸ்டர், மெல்லிய வயர், சால்டரிங் அயர்ன் எல்லாம் அதே தெருவில் முடிந்துவிடும்.

சின்ன அறையில் ஆறு அச்சு இன்ஜின் திரும்புமா?

பெட்டியில் குறைந்தபட்ச வளைவு ஆரம் போட்டிருப்பார்கள். நான்கு அச்சு இன்ஜினுக்கு 18 அங்குலம் பெரும்பாலும் போதும். ஆறு அச்சுக்கு 22 அல்லது 24 கொடுங்கள். எட்டுக்கு நாலு பிளைவுட்டில் 22 அங்குல ஆரத்தில் முழு வட்டம் போட்டால் இரு ஓரமும் இரண்டு இரண்டு அங்குலம்தான் மிஞ்சும். அந்த ஓரத்தில் ஒரு சின்னத் தடுப்பு கட்டாயம் வையுங்கள், மொசைக் தரையில் விழுந்த இன்ஜினைப் பார்க்கிற கொடுமை யாருக்கும் வர வேண்டாம்.

உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறார், என்ன சொல்லி அனுப்புவது?

மூன்று விஷயம். முதலாவது, அமெரிக்காவில் வாங்கும் செட்டோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். என் சித்தப்பா மகன் ஆசையாகத் தூக்கி வந்ததை நான் அப்படியே 230 வோல்ட்டில் சொருகி, இரண்டு நிமிடத்தில் அறை முழுக்கப் புகை. அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் மட்டும் சொருகுங்கள். இல்லையென்றால் இங்கேயே வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஜெர்மனியிலிருந்து வாங்கினால் இரண்டு தண்டவாள முறையா, மெர்க்லினின் மூன்று தண்டவாள முறையா என்று கேட்கச் சொல்லுங்கள். மெர்க்லின் எச்.ஓ. இன்ஜின் பாதையின் நடுவில் இருக்கும் பொட்டுகளிலிருந்து மின்சாரம் எடுக்கும். அகலம் ஒன்றாக இருந்தாலும் நம் சாதாரண இரண்டு தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும்.

மூன்றாவது, இன்ஜினைக் கைப்பையில் கொண்டு வரச் சொல்லுங்கள், அசல் பெட்டியோடு, பில்லோடு. பார்சலில் வரவழைப்பவர்கள் சுங்க வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொம்மை இறக்குமதிக்கான அடிப்படை வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. ஆர்டர் போடும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையும் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொருள்களுக்கானது. ஆகவே பெட்டியில் வயது வரம்பு அச்சிட்டிருக்கிறதா என்று கவனித்து வாங்குவது நல்லது.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், கையில் எடுத்து ஓட்டிப் பார்த்தால் மட்டும். பழைய மாடல்களில் அச்சின் மேல் இறுக்கமாகப் பொருத்திய பிளாஸ்டிக் பல்சக்கரம் காலப்போக்கில் கீறல் விடும். ஓடும்போது 'டக், டக்' என்று ஒரே சீரான தட்டல் கேட்டால் அதுதான். மாற்றிவிடலாம். மாற்ற முடியாத நோய் ஒன்று உண்டு: துத்தநாகக் கலவை வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் அடிச்சட்டம் வீங்கி, வெடித்து, பொடியாக உதிரும். அடிச்சட்டத்தில் மெல்லிய விரிசல் வலை தெரிந்தால் விலை எத்தனை குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

குழந்தைகள் ஓட்டலாமா?

பக்கத்தில் பெரியவர் இருந்தால் தாராளமாக. ஓட்டுவதைவிடத் தூக்குவதில்தான் உடைகிறது. இரண்டு கையால், எரிபொருள் டேங்க் பகுதியைப் பிடித்துத் தூக்கச் சொல்லிக் கொடுங்கள்.

சென்னைக் காற்றில் எப்படிப் பராமரிப்பது?

உப்புக் காற்றும் ஈரமும் நம் இரண்டு எதிரிகள். இரும்புத் தண்டவாளம் வாங்கவே வேண்டாம், ஐப்பசி மழை முடிவதற்குள் துரு ஏறிவிடும். நிக்கல் சில்வர் தண்டவாளம் துருப்பிடிக்காது. அதிலும் கறுப்பு அழுக்கு படியும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுத் துணியில் நனைத்துத் துடைத்தால் போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

சக்கரத்துக்கு ஒரு எளிய வழி: ஆல்கஹாலில் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் மேல் போட்டு, ஒரு போகியைத் துணி மேலும் மறு போகியை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, இன்ஜினைக் கையால் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். துணி மேல் சக்கரம் சுற்றிச் சுற்றிக் கறுப்புக் கோடு விழும். பிறகு திருப்பி வைத்து மற்றதைச் செய்யுங்கள். எண்ணெய் ஊசி முனையில் ஒரு துளி, அதுவும் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் என்று எழுதியிருப்பது. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, கெட்டியாகிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பிளைவுட் பலகையை இரண்டு பக்கமும் ஓரமும் பெயிண்ட் அடித்த பிறகே தண்டவாளம் ஒட்டுங்கள், இல்லையென்றால் ஈரம் குடித்து முறுக்கிக்கொள்ளும். தண்டவாள இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி விடுங்கள். மூன்று மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி சூடு ஏறினால் ஒரு மில்லிமீட்டர் நீளும். ஓடாத இன்ஜின்களைப் பரணில் போடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வெயில் படாத அலமாரியில் வைத்து, மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

எத்தனை பெட்டி இழுக்கும்? எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது?

அசலில் 24 பெட்டி போகிறதே என்று ஆசைப்படுவோம். ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று பஃபரோடு 22.3 மீட்டர், எச்.ஓ.வில் கிட்டத்தட்ட 25.6 சென்டிமீட்டர். 24 பெட்டி என்றால் ஆறு மீட்டரைத் தாண்டும், எங்கள் அறையே அவ்வளவு நீளமில்லை. ஐந்து பெட்டி வைத்தால் கண்ணுக்கு முழு ரயிலாகத் தெரியும். பெட்டிகளைக் கோக்கும் கப்ளரைப் பொறுத்தவரை அமெரிக்க மாடல்களின் நக்கிள் கப்ளர் (விரல் மடக்கியது போன்ற கொக்கி) நம் புது வகை எல்.எச்.பி. பெட்டிகளின் கப்ளருக்கு உருவத்தில் நெருக்கம், அதையே வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. டபிள்யூ.டி.எம்.2-இன் உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் நொடிக்கு 38 சென்டிமீட்டர்தான். கன்ட்ரோலரை முழுதாகத் திருகினால் பல மாடல்கள் இதைவிட வேகமாகப் பறக்கும். பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரலுக்குள் ஊர்ந்து வரும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால், எச்.ஓ.வில் ஒரு மீட்டர் கடக்க 21 நொடி ஆகும். தண்டவாளத்தின் பக்கத்தில் ஒரு மீட்டர் ஸ்கேலை வைத்து, போனில் நேரம் பிடித்து, அந்த 21 நொடி வரும் வரை கன்ட்ரோலரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.